ஜான்சன் என்று எழுதாத கடிதம்

மன்னார்குடி
ஐப்பசி 5

அன்புள்ள நண்பா,

வழக்கம்போல 'ஜான்சனுக்கு' என்று தொடங்காததைக் கவனித்திருப்பாய். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான்கு நாட்களாகக் கொள்முதல் நிலையத்து வாசலில்தான் எனக்குக் குடித்தனம். குறுவை அறுத்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். என் நெல் 20 காட்டியது. பகலில் கொட்டிக் காயவைப்பது, தூறல் விழுந்தால் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது, இரவில் காவல். தூங்கிவிடாமலிருக்க மகன் கைபேசியில் விளையாட்டு ஆவணப்படங்களை ஏற்றிக் கொடுத்திருக்கிறான்.

நேற்றிரவு பார்த்தது 1988 சியோல் ஒலிம்பிக்ஸின் நூறு மீட்டர் ஓட்டத்தைப் பற்றியது. கனடாவின் பென் ஜான்சன் 9.79 விநாடியில் ஓடி, கோட்டைத் தொடும் முன்பே விரலை உயர்த்தினாரே, அதேதான். மூன்றாம் நாள் ஊக்கமருந்து என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஜான்சன் திருடர், இரண்டாவதாக வந்து தங்கத்தைப் பெற்ற அமெரிக்கர் கார்ல் லூயிஸ் உத்தமர். நமக்குக் கதை அத்தோடு முடிந்தது.

இப்போது பார்த்தால், அன்று ஓடிய எட்டுப் பேரில் ஊக்கமருந்து விவகாரம் எதிலும் பெயர் அடிபடாதவர்கள் இருவர்தாம். லூயிஸே அந்த ஆண்டு அமெரிக்கத் தேர்வுப் போட்டியின் பரிசோதனையில் சிக்கி, தெரியாமல் நடந்தது என்று விடுவிக்கப்பட்டவர். அது வெளியே வர 2003 ஆயிற்று. அளவு சொற்பம், சளி மருந்தில் இருப்பதுதான் என்கிறார்கள், இருக்கட்டும். ஜான்சனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1989-இல் கனடா அரசு நடத்திய விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஊர் கூடி அடித்தது ஒருவரை மட்டும்.

அந்த இருவரில் ஒருவர் கால்வின் ஸ்மித். 1983-இல் 9.93 விநாடியில் உலக சாதனை படைத்தவர். சியோலில் 9.99, நான்காம் இடம். ஜான்சன் போனதும் வெண்கலம் இவருக்கு வந்தது, கைதட்டல் வரவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டதற்கு எத்தனை வருடம் புலம்பியிருப்போம்! இந்த மனிதரின் பெயரை நேற்றுத்தான் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு தூக்கம் வரவில்லை, காவலுக்கு நல்லதாயிற்று.

ஜான்சன் ஓடிய அந்தச் சனிக்கிழமை உனக்கு 'ஜான்சன்' என்று பட்டம் சூட்டியது நான்தான். வெறுங்காலோடு பள்ளி மைதானத்தில் எங்கள் எல்லாரையும் பின்னுக்குத் தள்ளியவன் நீ, பொருத்தமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் செய்தி வந்ததும் பட்டம் அப்படியே நின்றது, பொருள் மட்டும் மாறிவிட்டது. காலையில் நீராகாரம் குடித்துவிட்டு வந்தவனிடம் "இன்றைக்கு என்ன மருந்து?" என்று கேட்போம். டிரில் மாஸ்டர்கூடச் சிரித்தார். நீயும் சிரித்ததாகத்தான் எனக்கு நினைவு.

மாவட்டப் போட்டிக்கு நீ வரவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றாய், நம்பினேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நம்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். பரீட்சைதானா, இல்லை நாங்களா? மழுப்பாமல் எழுது.

வெயில் தலைகாட்டுகிறது. நெல்லைக் கிளறிவிட வேண்டும்.

உன்னிடம் எப்போதும் தோற்றவன்