வெற்றுப் பக்கங்களை மூடிவிடாதீர்கள்: பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மொழிபெயர்ப்பு நாவல்களை வெளியிட்டுவரும் பதிப்பாளர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகனின் வணக்கம்.

மார்க் இசட். டேனியலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ (2000) நாவலைப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். வர்ஜீனியாவில் ஒரு குடும்பம் குடியேறிய வீட்டின் உள்ளளவு வெளியளவைவிடக் கால் அங்குலம் கூடுதலாக இருக்கிறது. எத்தனை முறை அளந்தாலும் கணக்கு உதைக்கிறது. ஒரே சுவரைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொள்ளும் எங்கள் பகுதியில், கூடுதலாக இடம் கிடைத்தால் யாரும் அஞ்சமாட்டார்கள், வாடகைக்கு விட்டுவிடுவார்கள் என்று தொடக்கத்தில் சிரித்துக்கொண்டேன். அந்த வீட்டுக்குள் ஓர் இருண்ட நடைகூடம் முளைத்து, அதற்குள் இறங்கியவர்களுக்குப் படிக்கட்டின் ஆழம்கூடப் பிடிபடாமல் போனபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனைக்கும், இந்த வீட்டுக் கதை ஓர் ஆவணப்படத்தில் வருவதாகவே சொல்லப்படுகிறது, ஆனால் கதைப்படி அப்படியொரு படமே எங்கும் இல்லை. இல்லாத படத்துக்குப் பார்வையற்ற முதியவர் ஒருவர் ஆய்வுரை எழுதுகிறார், அவர் இறந்தபின் பச்சை குத்தும் கடையில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் அதற்கு அடிக்குறிப்பு எழுதியே நிலைகுலைகிறான். (அவனுடைய இரவுக் களியாட்டக் கதைகளில் பாதியை வெட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.)

ஆனால் என்னை உலுக்கியது கதையைவிடப் பக்கங்கள்தாம். ஓர் அத்தியாயத்தில் பக்கத்தின் நடுவே நீலக் கட்டம் ஒன்றுக்குள் அந்த வீட்டில் இல்லாத பொருள்களின் பட்டியல் ஓடுகிறது. தாளைத் திருப்பினால், கண்ணாடி வழியே பின்புறமிருந்து பார்ப்பதுபோல் அதே எழுத்துகள் இடவலம் மாறித் தெரிகின்றன. சில அடிக்குறிப்புகள் தலைகீழாக அச்சாகியுள்ளன. திருவொற்றியூர் ரயிலில் நான் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்துப் படித்ததைப் பார்த்து, பக்கத்திலிருந்தவர் சற்றே நகர்ந்து உட்கார்ந்தார். பின்னர் ஒரு பக்கத்துக்குச் சில சொற்களே மிஞ்சும்போது, விரல் தானாக வேகமெடுத்துத் தாள்களைத் தள்ளுகிறது. துரத்தப்படுபவன் ஓடுவதைப் போலவே நாமும் படிக்கிறோம்.

எனவேதான் இந்த வேண்டுகோள். இந்நாவலை உங்களில் யாரேனும் தமிழுக்குக் கொண்டுவர நினைத்தால், செலவை எண்ணி அடிக்குறிப்புகளை நூலின் கடைசிக்குத் தள்ளவோ, வெற்றிடங்களை இழுத்து மூடவோ வேண்டாம். மூலநூலில் நீல நிறத்தில் வரும் ‘வீடு’ என்ற சொல்லை அப்படியே நீலத்தில் அச்சிட இயலாவிட்டால் சாம்பல் நிறமேனும் போதும். பக்க அமைப்பில் மட்டும் கைவைக்காதீர்கள். விலை கூடுமென்றால் முன்வெளியீட்டுத் திட்டம் அறிவியுங்கள், எனக்கான பிரதிக்கு முழுத்தொகையையும் முதல் நாளே கட்டிவிடுகிறேன்.