லாரிக் கதவுக்கும் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறைக்கும் கலை பண்பாட்டுத் துறைக்கும் வணக்கம்.

மோட்டார் வண்டிகளையும் அவற்றால் பிறந்த கலையையும் வைத்து எழும்பூரில் ஒரு கண்காட்சி நடத்துங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். பழைய கார்களைப் பார்க்க கோவையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. நான் இடம் கேட்பது வண்டியின் மேல் தீட்டிய படங்களுக்கு. அதிலும் முதலில் லாரிக்கு.

நான் திருச்செங்கோட்டுக்காரன். பாடி கட்டும் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்தவன். வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்கு மரவேலையும் தகடுவேலையும் முடிந்த பிறகு பெயிண்டர் வருவார். பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எனாமல் அடித்துக் காயவிட்டு, அப்புறம்தான் படம். கதவில் புலி, பின்கதவில் தாமரை, கேபினின் நெற்றியில் முதலாளியின் பிள்ளைகள் பெயர். தேசிய பெர்மிட் வண்டி என்றால் காய்ந்த இலைப் பழுப்பு அடிக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்லியிருந்தது. அந்தப் பழுப்பின் மேல் எந்த மஞ்சள் எடுப்பாக நிற்கும், எந்தச் சிவப்பு அமுங்கிப்போகும் என்பது அவருக்கு அத்துப்படி. புலியின் கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். அதற்குள் எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். வைத்துவிட்டாரா என்று பார்க்க சாயங்காலம் ஓடிவருவேன்.

இப்போது பல வண்டிகள் ஆலையிலிருந்தே முழுக் கேபினோடு வந்துவிடுகின்றன. படம் வேண்டுமென்றால் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பழைய லாரி காயலான் கடைக்குப் போகிறது. கதவை வெட்டி எடைக்குப் போடும்போது புலியும் சேர்ந்தே போகிறது.

1951இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் எட்டு வண்டிகளைக் கலைப்பொருளாகவே காட்சிக்கு வைத்தது. பென்ட்லி, மெர்சிடிஸ் நடுவில் ஒரு ஜீப்பும் நின்றது. உழைக்கிற வண்டிக்கு அன்றைக்கே இடம் கிடைத்திருக்கிறது. 1991இல் தென்னாப்பிரிக்காவின் எஸ்தர் மஹ்லாங்கு ஒரு பி.எம்.டபிள்யூ காரின் மேல் வரைந்தது, அவருடைய இந்தெபெலே மக்கள் வீட்டுச் சுவரில் தீட்டும் வடிவங்களைத்தான். அம்மாவிடமும் பாட்டியிடமும் பழகிய கை அது. இன்றும் அந்தக் காரைச் சொன்னால் அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

எங்கள் பெயிண்டர்களும் பெயர் எழுதி வைத்தவர்கள்தான். கதவின் கீழ்மூலையில், ஊர்ப்பெயரோடு, சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்து, ஆளைத் தேடிப் பிடித்து, விளக்க அட்டையின் முதல் வரியில் போடுங்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பட்டறைகளில் விசாரித்தால் சொல்வார்கள். 'ஓவியர் பெயர் தெரியவில்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

காட்சி அமைப்பவர்களிடம் இன்னும் ஒன்று. நெற்றிப்பலகையைக் கண்மட்டத்தில் மாட்ட வேண்டாம். ரோட்டில் அதை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறோம், அதே உயரத்தில் இருக்கட்டும். எனாமல் பளபளக்கும், நேர் வெளிச்சம் பட்டால் படம் தெரியாது, விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். டீசல் கறையைத் துடைக்காதீர்கள். கயிறு உரசிய தடமும் அப்படியே இருக்கட்டும், அந்தப் படம் எத்தனை லோடு பார்த்தது என்பதற்கு அதுதான் சாட்சி. முடிந்தால் ஒரு பெயிண்டரை அழைத்து, உரிய கூலி கொடுத்து, கண்காட்சி நடக்கும் நாட்களில் எல்லோர் முன்னாலும் ஒரு கதவை வரையச் சொல்லுங்கள்.

கண்காட்சிக்குத் தேதி குறிக்க நாளாகலாம். கதவுகளை வாங்கி வைப்பதை இந்த வருடமே தொடங்குங்கள். எங்கள் வீட்டுக் கொட்டகையில் தாமரை போட்ட பின்கதவு ஒன்று கிடக்கிறது. மூலையில் அந்தப் பெயிண்டரின் பெயரும் அழியாமல் இருக்கிறது. காசு வேண்டாம். தூக்கி ஏற்ற நாலு ஆளும் ஒரு வண்டியும் அனுப்பினால் போதும்.