வாடகைக்குக் குடிவந்தவர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இங்கிலாந்தின் பிளாக் சபாத் என்ற ராக் குழுவில் பாடிய ஓஸி ஆஸ்போர்ன் மறைவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் ஹெவி மெட்டல் பாடகருக்கு முழுப் பக்கம்! சந்தோஷத்தில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தைப் பார்த்தவள், "ஏனுங்க, நம்ம பீரோவுல ஒட்டியிருக்கறவருதானே இவரு? எப்பவோ செத்துட்டாருன்னு சொன்னீங்களே?" என்றாள்.

அவள் சொன்னது சரி. 'ஓஸி, 1981' என்று நீங்கள் போட்டிருந்த படத்தில் இருப்பவர் ரோனி ஜேம்ஸ் டியோ, அதே குழுவில் ஓஸிக்குப் பிறகு பாடவந்தவர். 2010 மே மாதமே காலமாகிவிட்டார். இரண்டு விரலை நீட்டிக் கொம்பு காட்டுகிறாரே, அது கண்ணேறு படாமல் இருக்கத் தன் இத்தாலியப் பாட்டி காட்டும் முத்திரை என்று அவரே சொல்லியிருக்கிறார். முத்திரையைப் பார்த்தாவது ஆளைக் கண்டுபிடித்திருக்கலாம்.

சரி, படம் மாறுவது எல்லாப் பத்திரிகையிலும் நடப்பதுதான், விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஆனால் கட்டுரையின் நடுவில் ஒரு வரி: '1979-ல் ஓஸி வெளியேறியதோடு பிளாக் சபாத்தின் கதை முடிந்தது, பிறகு வந்தவர்கள் வாடகைக்குக் குடிவந்தவர்களே.' நாலு நாளாக இந்த வரி தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

தங்களுக்குத் தெரியாத கணக்கா? குழுவின் ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் 19. ஓஸி பாடியது 9. டியோ 3, டோனி மார்ட்டின் 5, இயன் கில்லனும் கிளென் ஹியூஸும் ஆளுக்கு ஒன்று. ஆக, குடிவந்தவர்கள் பாடியது 10. பத்தொன்பதிலும் இருக்கிற ஒரே ஆள் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி. வீட்டுக்காரர் யார் என்று இதற்கு மேலும் சொல்ல வேண்டுமா?

அந்த வீட்டுக்காரருக்கு உங்கள் முழுப் பக்கத்தில் கிடைத்தது அரை வரி.

பர்மிங்காமில் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலை. அயோமிக்குப் பதினேழு வயது, அன்றோடு வேலையை விட்டு நிற்கப்போகிறார். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகமாட்டேன் என்றிருக்கிறார். அம்மாதான், எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைத்தார். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வழக்கமாக நிற்கும் பெண் அன்று வரவில்லை, இவரை நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. இடது கைக்காரர் என்பதால், தந்தியை அழுத்தவேண்டியது அந்த வலது கைதான்.

நான் கோவையில் 22 வருடம் பவர் பிரஸ் ஓட்டியவன். பக்கத்து மெஷினில் நின்றவருக்கு ஆள்காட்டி விரல் போனபோது கழிவுத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனவன். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு வருடம் ஆயிற்று. "கவனமா நின்னிருக்கோணும்" என்பதோடு முதலாளி முடித்துக்கொண்டார். அதைப் பற்றித் தங்களுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். நாலு வரி வந்தது, அதுவும் என் இன்ஷியலைத் தப்பாகப் போட்டு.

அயோமி என்ன செய்தார்? பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்தார், மேலே தோல் ஒட்டினார். மெல்லிய தந்தி தேடினார். பிறகு தந்தியைத் தளர்த்தினார், சுருதி கீழே இறங்கியது. 'இருள் கவிந்த நாதம்' என்று கவிதையாக எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பின்னால் ஒரு பிரஸ்ஸும் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலும் இருக்கின்றன.

1988-ல் காந்திபுரத்தில் ஒரு பதிவுக் கடையில் டிடிகே 90 கேசட்டில் 'பிளாக் சபாத்' என்று மட்டும் எழுதி வாங்கினேன். ஒரு பக்கம் டியோ பாடிய 'ஹெவன் அண்ட் ஹெல்', மறுபக்கம் ஓஸியின் 'பாரனாய்ட்'. முதல் பக்கம் பாடியவருக்கு மறுபக்கத்தில் ஜலதோஷம் என்றே இரண்டு வருடம் நம்பினேன். ஆகவே தப்பு யாருக்கும் வரும். ஆனால் நான் பட்டறைப் பையன், என்னிடம் இருந்தது அந்த ஒரு கேசட்தான். உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது.

இயன் கில்லன் காலத்தைக் கேலி செய்யுங்கள், நானும் சிரிப்பேன். அடிக்கணக்கு மீட்டர் கணக்காகி, மேடை கொள்ளாத ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்ட செட் வந்து இறங்கிய கதை அது. ஆனால் டோனி மார்ட்டின்? ரே கில்லன் (இவர் வேறொரு கில்லன்) பாடி முடித்துவிட்டுப் போன ஆல்பத்தை 1987-ல் புதிதாகப் பாடிக் கொடுத்தவர். அவர் பாடிய ஆல்பங்களில் நான்கு பல வருடம் கடையில் கிடைக்காமல் கிடந்து, 2024-ல்தான் ஒரே பெட்டித் தொகுப்பாக மறுபடி வந்தன. ஜெஃப் நிக்கல்ஸ் என்று ஒருவர், 1979-ல் சேர்ந்தவர், வருடக்கணக்காகத் திரைக்குப் பின்னால் நின்று கீபோர்டு வாசித்தார். ரசிகர்கள் கண்ணில் படாமலே வேலை பார்த்தவரை நீங்களும் கண்டுகொள்ளவில்லை. 2025 ஜூலை 5 அன்று, ஓஸியின் கடைசிக் கச்சேரியில், பர்மிங்காமின் வில்லா பார்க் மைதான மேடையில் டிரம்ஸில் உட்கார்ந்திருந்த பில் வார்டின் பெயரையே காணோம்.

அப்புறம், சபாத் மேடையில் ஓஸி கடித்ததாக நீங்கள் எழுதிய அந்த வௌவால். அதை ஓஸி கடித்தது 1982 ஜனவரியில், தன் சொந்தக் குழுவோடு, அமெரிக்காவின் டெ மாய்ன் நகரில். சபாத் மேடையில் அல்ல. எந்தக் கட்டுரையானாலும் அந்த வௌவால் மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது.

இன்னொன்று. மூன்று இடத்தில் 'பிளாக் சப்பாத்து' என்று அச்சாகியிருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரரான என் சம்பந்தியம்மா (அவர்கள் ஊரில் சப்பாத்து என்றால் ஷூ), "கறுப்புச் சப்பாத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய பக்கம்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. படத்தில் இருப்பவர் டியோ என்று இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். 'வருந்துகிறோம்' கூட வேண்டாம். இந்தக் கடிதத்தை வழக்கம்போல் வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டுங்கள், நிக்கல்ஸ் பெயரை மட்டும் விட்டுவையுங்கள்.

பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். இன்ஷியல் 'ஆர்'. 'என்' அல்ல.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரஸ் ஆபரேட்டர்,
சிங்காநல்லூர், கோவை.