பூக்கார அம்மாவுக்காகப் பங்குப் பேரவைக்கு ஒரு மடல்

அன்புள்ள நம் கோயில் பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவையினருக்கும், இயேசுவுக்கே புகழ்.

போன செவ்வாய் அந்தோணியார் நவநாள் வழிபாட்டில் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் அம்மா, நெற்றியில் திருநீறோடு, நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் வந்துவிட்டார். பல வருடமாகச் செவ்வாய் தவறாமல் வருகிறவர். சுரூபம் இருக்கும் கெபிக்கு வாராவாரம் மாலை கட்டித் தருவதும் அவர்தான், காசு வாங்காமல். வரிசையை ஒழுங்குபடுத்தியவர், "நீங்க கிறிஸ்டியனா? தள்ளி நில்லுங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்கு அடுத்து நின்ற நான் வாயே திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நற்கருணை திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கருக்குத்தான், சரி. அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் நற்கருணை வாங்கப் போகும்முன் "ஆண்டவரே, நான் தகுதியற்றவன்" என்கிறோமே, அது யார் வார்த்தை? மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில், படுத்த படுக்கையாகக் கிடந்த தன் பையனுக்காக இயேசுவிடம் வந்த உரோமை நூற்றுவர் தலைவனுடையது. அவன் யூதன் இல்லை. இஸ்ரயேலில் யாரிடமும் இப்படிப்பட்ட நம்பிக்கையைக் கண்டதில்லை என்று இயேசுவே வியந்தார். வெளியாள் ஒருவனின் ஜெபத்தைச் சொல்லி முடித்த கையோடு ஒரு வெளியாளைத் துரத்தியிருக்கிறோம்.

வேளாங்கண்ணியில் மாதா பால் கேட்டது ஓர் இந்துச் சிறுவனிடம் என்றுதானே நம் பாட்டிமார் சொல்லி வளர்த்தார்கள்? ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து போகிற கூட்டத்தில் யாரையும் யாரும் சமயம் கேட்பதில்லை. பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965-லேயே உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் எழுதி வைத்துவிட்டது.

நான் கேட்பது பெரிதல்ல. நற்கருணைக்கு முன் சாமியாரே அன்பாக விளக்கட்டும். மற்றவர்களும் கைகளை மார்பில் குறுக்காக வைத்து வரலாம், அவர்களுக்கு ஆசீர் உண்டு என்று சொல்லட்டும். பல நாடுகளில் இந்த வழக்கம் இருக்கிறது. வரிசையில் நிற்கும் தொண்டர்களுக்கு எப்படிப் பேசுவது என்று ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அப்புறம், பேரவையிலிருந்து இரண்டு பேர் அந்த அம்மா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நானும் வருகிறேன்.

இந்த வாரம் கெபியில் மாலை இல்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பங்கின் அன்பிய (சிறு ஜெபக்குழு) உறுப்பினர் ஒருவர்