சின்ன வண்டியே எடு, மகளே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கார் வாங்கப் போவதாக நீ போனில் சொன்னபோது பட்டறையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து லட்சத்துக்கு வண்டி, ஏழு வருடக் கடன் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ கார் வாங்குவதில் எனக்கு வருத்தமே இல்லை. சென்னை சோழிங்கநல்லூரில் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஆட்டோவுக்காக நீ நிற்பதை நினைத்தால் மனம் பதறுகிறது. வாங்கு. ஆனால் அந்தப் பெரிய வண்டி வேண்டாம்.

உனக்கு ஆறு வயதாக இருந்தபோது நம்மிடம் விசைப்படகு இருந்தது, நினைவிருக்கிறதா? மண்டபம் கரையில் பக்கத்துப் படகுக்குப் பெரிய இன்ஜின் ஏற்றினார்கள். அதைப் பார்த்து நானும் கடன் வாங்கி ஏற்றினேன். நம் படகின் நீளத்துக்கு அது தேவையே இல்லை. டீசலைக் குடித்தது. அப்போது ஏப்ரல் 15 முதல் மே 29 வரை மீன்பிடித் தடைக்காலம், நாற்பத்தைந்து நாள் படகு கரையில் கிடந்தது. கடன் கொடுத்தவர் அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான் வட்டி கேட்டார். மூன்றாம் வருடம் படகு போனது. உன் அம்மாவின் வளையலும் போனது. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

கணக்கைப் பார். ஒன்பதரை சதவீத வட்டியில் எட்டு லட்சத்தை ஏழு வருடத்துக்கு வாங்கினால் மாதம் ஏறக்குறைய 13,000 ரூபாய். வட்டி மட்டுமே மூன்று லட்சத்தை நெருங்கும். அதே வட்டியில் நான்கு லட்சத்தை ஐந்து வருடத்துக்கு எடுத்தால் மாதம் 8,400 ரூபாய், மொத்த வட்டி ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். உன் கைக்கு வருவது முப்பத்தைந்தாயிரம். அதில் விடுதி வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் இருக்கின்றன. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் வண்டிக்கும் 20 தரும் வண்டிக்கும் உள்ள வித்தியாசமே பதினாறு, பதினேழு லிட்டர்.

ஊருக்கு வரப் பெரிய வண்டி வேண்டும் என்றாய். வருடத்தில் எத்தனை முறை வருவாய், மூன்று முறையா? அதற்கு ரயில் இருக்கிறது. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீ தனியாக ஓட்டி வருவதை நான் விரும்பவும் இல்லை. தினமும் போய்வரும் பாதைக்கும், அங்கே நிறுத்தக் கிடைக்கும் இடத்துக்கும் ஏற்ற வண்டியை எடு. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஆல்டோ கே10, செலிரியோ, டியாகோ இவற்றை ஓட்டிப் பார். வண்டியை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் பாரத் என்கேப் சோதனையில் எத்தனை நட்சத்திரம், எத்தனை ஏர்பேக் என்று கேட்ட பிறகே மைலேஜைக் கேள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவானால் என் சீட்டுப் பணம் இருக்கிறது, தயங்காமல் கேள்.

பழைய வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை கார்கள் வெள்ளத்தில் மூழ்கின! கழுவித் துடைத்துவிட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பார், அடியில் சேற்றுக் கோடு படிந்திருக்கும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவு. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் தூக்கிப் பார். ஆர்சி புத்தகத்தில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், அது நீங்கும்வரை முன்பணம் கொடுக்காதே.

துருவைப் பற்றி எனக்குத் தெரியும், மகளே. வடகடலும் தென்கடலும் இரண்டு பக்கமும் அணைத்த மண்ணில் முப்பது வருடமாக இரும்போடு மல்லுக்கட்டுகிறேன். பாம்பன் பழைய ரயில் பாலத்துக்கு வருடம் முழுக்கப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்ததை நீயும் பார்த்திருக்கிறாய். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாசலில் நிற்கும் சைக்கிள் கூடச் சிவந்துவிடும். நீ இருப்பதும் கடலோரம்தான். கதவின் அடிவிளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், மழைத்தண்ணீர் வடிவதற்காக. மணல் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கி, கதவு உள்ளிருந்து அரிக்கும். மாதம் ஒருமுறை ஒரு குச்சியால் குத்திவிடு. வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவு. பாட்டரி முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவி வை.

உன் தோழிகள் பெரிய வண்டி வாங்கியிருக்கலாம். அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. நம் வீட்டில் முதன்முதலில் கார் வாங்கப் போகிறவள் நீ. அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிடுவாள்.

புதியதா பழையதா என்பதை நீயே முடிவு செய். பழையது என்றால் வண்டி பார்க்கப் போகும் நாளை மட்டும் முன்கூட்டியே சொல். இங்கே இரவு ரயிலேறினால் காலையில் தாம்பரத்தில் இறங்கிவிடுவேன். பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தை நான் ஒருமுறை கேட்க வேண்டும். கருவாடும் கொண்டுவருகிறேன், அம்மா நெத்திலி காய வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா