உங்கள் முதலாளிக்கு ஒரு பேரேடு வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நாவலின் கைப்பிரதியை இரண்டு முறை படித்து முடித்துவிட்டேன். நீங்கள் சரி என்று சொன்னதால் இதைத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன். தொழிலை வைத்துக் கதை எழுத நினைக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் மனசாரப் பாராட்டிவிடுகிறேன். 1984-இல் திருப்பூரில் விலைவாசி ஏற்றத்துக்கான பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த வேலைநிறுத்தத்தைக் கதையின் நடுவில் வைத்திருக்கிறீர்கள். பொத்தான் துளை தைக்கும் காஜா மெஷினில் உட்காரும் அந்தப் பெண், அறுபதாம் நாளில் அரிசிப் பானைக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்க்கிறாளே, அந்த இடத்தில் கைப்பிரதியை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். தொழிலாளிகளை நீங்கள் உள்ளிருந்து எழுதியிருக்கிறீர்கள்.

முதலாளிதான் சரியில்லை. கழுத்தில் தடித்த சங்கிலி, வெள்ளை அம்பாசிடர், எப்போதும் கோபம். அவர் நூல் யாரிடம் வாங்குகிறார், அதற்கு எத்தனை நாள் தவணை, சரக்கு எந்த ஊருக்குப் போகிறது, அங்கிருந்து பணம் எப்போது வருகிறது, கூட்டாளிகள் யார் என்று முந்நூறு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. 127 நாள் அவருடைய கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. அவருக்கு அதனால் என்ன நஷ்டம் என்று வாசகனுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவின் சுரங்க நாவல் ‘ஜெர்மினல்’ உங்கள் அலமாரியில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தொழிலாளிகளுக்காக அதைப் படித்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் படிக்கிறோம். இந்த முறை முதலாளிகளுக்காகப் படியுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

1884 பிப்ரவரியில் வட பிரான்சின் ஆன்சான் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 56 நாள் நீடித்தது. நம் பஞ்சப்படிப் போராட்டத்துக்குச் சரியாக நூறு வருடம் முன்னால். ஜோலா அங்கே நோட்டுப் புத்தகத்தோடு போனார், சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். மறு வருடமே நாவல் வந்துவிட்டது. நாவலில் வரும் மோன்சூ கம்பெனி கற்பனைதான். ஆனால் அதன் எலும்பு ஆன்சானுடையது. 19 குழிகள், 10,000 தொழிலாளிகள் என்று முதல் அத்தியாயத்திலேயே கணக்குச் சொல்லிவிடுகிறார். அதைச் சொல்வது பொன்மோர் என்ற கிழவர். எட்டு வயதில் குழிக்குள் இறங்கியவர், இப்போது 58. அறுபது வரை தாக்குப் பிடித்தால் 180 பிராங்க் பென்ஷன், இப்போதே நின்றுவிட்டால் 150 என்று கம்பெனியின் கணக்கை அவரும் கணக்காகவே திருப்பிச் சொல்கிறார்.

வேலை தேடி வந்த எத்தியேன் அவரிடம், இதெல்லாம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கிறான். கிழவர் இருட்டைப் பார்த்துக் கையை நீட்டுகிறார். அங்கே எங்கோ, யாரோ சில பேருக்கு. கோயில் மூலஸ்தானத்தைப் பற்றிப் பேசுகிற குரலில் அதைச் சொல்கிறார். நாவல் முழுக்க அந்த ‘யாரோ’ கிட்டத்தட்ட மேடைக்கு வரவே மாட்டார். நிர்வாகக் குழு பாரிஸில் இருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதற்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆட்களைத்தான். அந்த ஒவ்வொருவருக்கும் ஜோலா ஒரு பேரேடு, அதாவது வரவு செலவுக் கணக்குப் புத்தகம், வைத்திருக்கிறார். இருபத்தேழு வருடம் பனியன் கம்பெனிகளில் கணக்கெழுதியவன் என்பதால் அந்தப் பேரேடுகள்தான் என் கண்ணில் முதலில் பட்டன.

கிரெகுவார் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் மூலதனம் 288 ‘தெனியே’ பங்குகளாகப் பிரிந்திருக்கிறது. கிரெகுவாரின் கொள்ளுத்தாத்தா ஒரு பிரபுவிடம் காரியஸ்தராக இருந்தவர். பயந்து பயந்து 10,000 பிராங்குக்கு ஒரே ஒரு பங்கு வாங்கினார். நான்காம் தலைமுறையில் அதன் விலை பத்து லட்சம் பிராங்கைத் தொட்டது. தொழில் நெருக்கடியில் ஆறு லட்சத்துக்கு இறங்கியபோதும் கிரெகுவார் பதறவில்லை. வருடத்துக்கு 40,000 பிராங்க் வருமானம் வந்துகொண்டிருக்கிறதே! அவர் கெட்டவர் இல்லை. மனைவியையும் மகளையும் உயிராக நேசிக்கிறார், ஆடம்பரம் கிடையாது, யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. ஒரு நாள் சுரங்கத் தொழிலாளிகளான மாயு குடும்பத்துத் தாய் சின்னக் குழந்தைகளோடு வந்து ஐந்து பிராங்க் கேட்கிறாள். பணமாகக் கொடுப்பது தங்கள் வழக்கமில்லை என்கிறார்கள். கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்களாம். பழைய கம்பளித் துணியும் குழந்தைகள் கையில் ஆளுக்கு ஒரு துண்டு இனிப்பு ரொட்டியும் கொடுத்து அனுப்புகிறார்கள். சங்கிலியும் அம்பாசிடரும் செய்யாததை அந்த ரொட்டித் துண்டு செய்துவிடுகிறது.

மாயு குடும்பம் அந்தக் குழிகளில் 106 வருடம் உழைத்த குடும்பம். கிரெகுவாரின் பங்குக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இரண்டு குடும்பங்களும் ஒரே பேரேட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள் என்று ஜோலா எங்கும் சொல்வதில்லை. தேதிகளை மட்டும் வைத்துவிட்டுப் போகிறார்.

அடுத்தவர் எனெபோ, கம்பெனியின் டைரக்டர். தொழிலாளிகள் தூது வரும்போது அவர்களிடம், நானும் உங்களைப் போலச் சம்பளக்காரன்தான், குழியில் வேலை பார்க்கும் சின்னப் பையனுக்கு இருக்கிற அதிகாரத்துக்கு மேல் எனக்கும் இல்லை என்கிறார். அது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவரைப் பற்றி இதற்கு மேல் சொல்லவில்லை, அவர் வீட்டுத் துக்கத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டியது தெனெலானை. கிரெகுவாருக்கு உறவு. அவருக்கும் அதேபோல ஒரு பங்கு வந்தது. விலை பத்து லட்சத்தைத் தொட்டதும் விற்றுவிட்டு, அந்தப் பணத்தைப் பக்கத்திலேயே வாந்தாம் என்ற சிறு சுரங்கத்தில் போட்டார். ஜான்பார் குழியை அகலப்படுத்தினார், புது இயந்திரம் இறக்கினார், கையில் இருந்ததெல்லாம் அதற்குள் போய்விட்டது. மோன்சூ கம்பெனி அந்தச் சுரங்கத்தை எப்போது விழுங்கலாம் என்று காத்துக்கொண்டே இருக்கிறது. நல்ல மனிதர். தொழிலாளிகளின் பெயர் தெரிந்தவர், வாய்விட்டுத் திட்டுவார், குழிக்கு நேரில் வருவார். அவருடைய ஆட்களும் வேலையை நிறுத்தி, ஒரு வண்டி நிலக்கரிக்கு ஐந்து சாந்தீம் (நூறு சாந்தீம் ஒரு பிராங்க்) கூடுதலாகக் கேட்கிறார்கள். அவரால் கொடுக்க முடியாது. கொடுத்தால் மூழ்கிவிடுவார். அதனால் என்ன செய்கிறார்? முன்னால் நின்று பேசும் ஷவால் என்பவனைத் தனியாகக் கூப்பிட்டு, மேஸ்திரி வேலை தருகிறேன் என்று ஆசை காட்டி வேலைநிறுத்தத்தை உடைக்கிறார். நல்லவர்தான், கையில் பணமில்லை. அந்த நெருக்கடியில் அவர் கைக்கு எட்டிய ஆயுதம் அது. பிறகு மோன்சூத் தொழிலாளிகளின் கூட்டம் வந்து ஜான்பாரில் ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பி வடங்களை அறுக்கிறது. வாந்தாம் கைமாறுகிறது. தன்னை விழுங்கிய அதே கம்பெனியில் தெனெலான் சம்பளத்துக்கு இன்ஜினியராகச் சேர்கிறார். மோன்சூவை எதிர்த்து எழுந்த தொழிலாளிகளின் கோபம் மோன்சூவுக்கு ஒரு சுரங்கத்தை வாங்கிக் கொடுத்துவிட்டது. இப்படி ஒரு முடிச்சை வெறும் கற்பனையால் போட முடியாது தம்பி. தெனெலானின் கடன் எவ்வளவு என்று தெரிந்தவனால்தான் போட முடியும்.

தெனெலானைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சனிக்கிழமை ஞாபகம் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கணக்கெழுதிய ஒரு பனியன் கம்பெனி. சாயங்காலம் ஆறு மணி. வாரச் சம்பளத்துக்கு மெஷின் சத்தமெல்லாம் நின்று, ஆட்கள் படிக்கட்டு வரை உட்கார்ந்திருக்கிறார்கள். வரவேண்டிய பணம் வரவில்லை. முதலாளியின் மச்சான் ஒரு மஞ்சப்பையோடு பின்வாசல் வழியாக வந்தார். அடகுக் கடையிலிருந்து நேராக வருகிறார். பணத்தைக் கொட்டி மூன்று பேரும் எண்ணினோம். மொத்தச் சம்பளத்துக்கும் எட்டவில்லை. முதலாளி கவர்களைத் தன் கையாலேயே பிரித்தார். செக்கிங் பெண்களுக்கும் கைமடிப் பிள்ளைகளுக்கும் முழுசாக, டெய்லர்களுக்கு முக்கால், கட்டிங் கான்ட்ராக்டருக்கு அடுத்த வாரம். பிரித்து முடித்ததும் பையை நீளவாக்கில் மடித்தார். அதன் அடியில் நகைக்கடைச் சிவப்புத்தாள் ஒன்று கிடந்தது, அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்து போய்க் கதவைத் திறந்தபோது குரல் வழக்கம்போல அதட்டலாகத்தான் வந்தது. அதே மனிதர் மறுமாதம் டஜனுக்குப் பத்துப் பைசா ஏற்றிக் கேட்ட டெய்லர்களிடம் முடியாது என்றார். இரண்டு பேரை வேலையை விட்டும் நிறுத்தினார். அந்த இருவரின் கணக்கை நேர் செய்து கொடுத்தவன் நான்தான். அதில் ஒருவருக்கு அன்றைக்கு மூன்று பிள்ளைகள்.

இவரை நல்லவராக எழுதச் சொல்லவில்லை. மஞ்சப்பையையும் அந்த இரண்டு பேரின் கணக்கையும் ஒரே மனிதரிடம் வைக்கச் சொல்கிறேன்.

இன்னொன்று. மோன்சூவுக்கும் நம் ஊருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு, அது உங்கள் நாவலுக்குக் கிடைத்த வரம். அங்கே குழிக்குள் இறங்கியவன் யாரும் சுரங்க முதலாளி ஆவதில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்ட ரஸ்ஸனேர் ஒரு சாராயக்கடை வைத்ததுதான் உச்சம். இங்கே தறிக்கும் கட்டிங் டேபிளுக்கும் கூலிக்கு நின்றவர்கள், நாலு பேர் பங்கு சேர்ந்து, தோட்டத்தை அடமானம் வைத்து, முதலாளி ஆகியிருக்கிறார்கள். உங்கள் அம்பாசிடர்காரரும் 1984-க்குப் பத்து வருடம் முன்னால் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டியவராக இருக்கலாம். கேட்டுக்கு வெளியே கோஷம் போடுகிறவர்களில் ஒருவர் அவரோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவராக இருக்கலாம். பஞ்சப்படி என்றால் என்ன, அது இல்லாமல் விலைவாசி ஏறும்போது வீட்டில் என்ன நடக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தே மறுக்கிறார். அந்தத் தெரிந்தே என்பதை எழுத ஜோலாவுக்கு வாய்ப்பில்லை, உங்களுக்கு இருக்கிறது.

சுற்றியுள்ள சின்னத் தொழில்களையும் விட்டுவிடாதீர்கள். மோன்சூவில் சுரங்கத்துக்குக் கம்பி வடம் திரித்துக் கொடுக்கும் ப்ளூஸ் கயிற்றாலை, மாவாலை, சர்க்கரை ஆலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, ஒன்று படுத்தால் இன்னொன்றும் படுக்கும். கடன் கொடுக்கும் மளிகைக்காரன் மெக்ரா அவர்களில் ஒருவன். கம்பெனியின் தயவில் கடை வைத்தவன், வேலைநிறுத்தம் வந்ததும் கடனை நிறுத்துகிறான், கடைசியில் கூட்டம் துரத்தக் கூரையிலிருந்து விழுந்து சாகிறான். உங்கள் நாவலில் அட்டைப்பெட்டிக்காரர் எங்கே? சாயப்பட்டறை? லேபிள் அச்சடிப்பவர்? அந்தக் காஜா பெண்ணுக்கு அறுபது நாள் வரை அரிசி கடன் கொடுத்த கடைக்காரருக்கு ஒரு பெயராவது வையுங்கள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். அந்தக் காலத்துக் கணக்குச் சிட்டைகள் சிலவற்றை ஆள் பெயர் தெரியாத மாதிரி படியெடுத்து வைத்திருக்கிறேன். நூல் தவணை, சாயக்கூலி, வட்டி, வாரச் சம்பளம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. உங்கள் முதலாளிக்கு நாமே உட்கார்ந்து ஒரு பேரேடு போடுவோம். முதல் நாளிலிருந்து 127-ஆம் நாள் வரை.

அன்புடன்,
அண்ணன்