சாம் ஹைன்ட்ஸைப் பற்றிப் பேச எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் எங்கள் பகுதி நூலகத்தில் நான் பேசிய பேச்சுக்கு வந்தவர்கள், வரமுடியாமல் பிறகு குறிப்பு கேட்டவர்கள், அதற்கு முன்னால் நாலைந்து மாதம் என் கரைச்சலைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். ஆளாளுக்குத் தனியாக நன்றி சொல்லத்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் ஒருவர் சொன்ன தகவலின் நுனியை இன்னொருவர்தான் பிடித்துத் தந்திருக்கிறார், பிரித்தெடுக்க முடியவில்லை.

பேச்சு கயானாவின் சாமுவேல் ஹைன்ட்ஸைப் பற்றியது. இரசாயனப் பொறியியலாளர். 1992 ஒக்டோபரில் பிரதமரானார், 2015 மே மாதம் வரை, ஜனாதிபதியாக இருந்த ஒன்பது மாதத்தையும் 1999இல் வந்த இரண்டு நாள் இடைவெளியையும் கழித்தால், பிரதமராகவே இருந்தார். நாலு ஜனாதிபதிகளோடு வேலை செய்தவர். (கயானா தென்னமெரிக்காவில் அல்லவா இருக்கிறது என்று அன்றைக்குக் கேட்டவருக்கு: நிலம் அங்கேதான், ஆனால் அந்த மக்களுக்குத் தங்கள் நாடு கரீபியன் நாடு. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பான காரிகொம் தலைமையகமே ஜோர்ஜ்டவுனில்தான் இருக்கிறது.)

முதல் நன்றி பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு. ஸ்காபரோவில் எங்களுக்கு இருக்கும் கயானா அயலவர்களில் மூத்தவர் அவர். "ஜெகனைப் பற்றிப் பேசினால் சனம் வரும், சாமைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?" என்று முதலில் கேட்டார். (ஜெகன் என்றது 1992இல் ஜனாதிபதியான செடி ஜெகனை.) நான் என் காரணத்தைச் சொன்னேன். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வளர்ந்த பிள்ளை நான். பிரதமர் வேலையோடு ஒரு நாட்டின் மின்சாரத்தையும் பல வருடம் தன் தலையில் சுமந்த ஒரு பொறியியலாளர் என்றால் எனக்கு அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்டதும் ஆன்ட்டி தேத்தண்ணி போட்டு வைத்துவிட்டு, ஜோர்ஜ்டவுனில் தான் பார்த்த இருட்டையெல்லாம் சொல்லத் தொடங்கினார். எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத மின்வெட்டு. ஒரு நகரத்துக்குள்ளேயே ஒரு பகுதிக்கு 50 ஹேர்ட்ஸ், இன்னொரு பகுதிக்கு 60 ஹேர்ட்ஸ் மின்சாரம் என்பதை நான் முதலில் நம்பவில்லை, தேடிப் பார்த்தேன், உண்மைதான். வீடு மாறினால் மின்சாதனம் சரியாக ஓடாது. இதுதான் ஹைன்ட்ஸின் கைக்கு வந்த நாடு என்பதை எந்தக் கட்டுரையையும் விட அந்தக் குசினி மேசையில்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

அடுத்தது லிண்டன் ஐயா. பெயர் போட வேண்டாம் என்றார், அதனால் இப்படியே அழைக்கிறேன். கயானாவின் லிண்டன் என்ற ஊரில், அலுமினியத் தாதுவான பொக்சைட் எடுக்கும் சுரங்கத்தில் சூளைப் பக்கம் வேலை செய்தவர். ஹைன்ட்ஸ் மகைக்கொனியில் பிறந்து, ஜோர்ஜ்டவுன் குயீன்ஸ் கல்லூரியில் படித்து, கனடாவில் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தில் 1967இல் பட்டம் எடுத்துக்கொண்டு நேரே போனது அதே லிண்டன் பொக்சைட் கொம்பனிக்குத்தான். அப்போது அது கனடிய அலுமினியக் கொம்பனியான அல்கானுக்குச் சொந்தமான டெம்பா, 1971இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இருபத்தைந்து வருடம் அங்கேயே இருந்தார். அவர் என்ன வேலையில் இருந்தார் என்று எனக்குக் காகிதத்தில் தெரியும், அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஐயாதான் காட்டினார். கயானாவின் பொக்சைட்டில் இரும்பு குறைவு, அதனால் அதைச் சுழலும் பெரிய சூளையில் கடும் வெப்பத்தில் சுட்டு எடுத்தால் உருக்கு உலைகளின் உட்சுவருக்குப் போடும், சூட்டைத் தாங்கும் கல்லுக்கான மூலப்பொருள் கிடைக்கும். ஒரு காலத்தில் உலகத்துக்கு அந்தச் சரக்கில் பெரும்பங்கை லிண்டன்தான் அனுப்பியது. சூளை நின்றால் ஊர் நின்றுவிடும், சூளை ஓடினால் ஊர் முழுக்கத் தூசி. துணி காயப்போட முடியாது என்று சிரித்தார். அந்தச் சூளையை அணையவிடாமல் பார்த்துக்கொண்டவர்களின் மனது எப்படி இருக்கும் என்று அவர் சொன்னதை வைத்துத்தான் என் பேச்சின் முதல் பாதியைக் கட்டினேன்.

ஐயாவுக்கு இன்னொரு விடயத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2012 ஜூலை 18 என்று நான் எழுதி வைத்திருந்த வரியை அவர் பார்த்தார். லிண்டனுக்கு மின்கட்டணம் மிகக் குறைவு, கொம்பனி காலத்திலிருந்து வந்த சலுகை. அதைக் குறைத்து கட்டணத்தைக் கூட்ட அரசாங்கம் முடிவெடுத்தபோது ஊர் எழுந்தது, பாலத்தடியில் போலீஸ் சுட்டு மூன்று பேர் செத்தார்கள். மின்சாரத்துக்குப் பொறுப்பு ஹைன்ட்ஸ். நான் அதை "கசப்பான சம்பவம்" என்று எழுதியிருந்தேன். ஐயா பேனாவை வாங்கி அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, "மூன்று பேர்" என்று எழுதித் தந்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. அவர் செய்ததுதான் சரி. ஒரு மனிதர் மேல் மரியாதை இருக்கிறது என்பதற்காக அவர் காலத்தில் நடந்ததை மெல்லிய சொல்லால் மூடக் கூடாது. மேடையில் அந்த வரியை ஐயா எழுதியபடியே வாசித்தேன்.

பழைய செய்தித்தாள்களையும் பாராளுமன்றக் குறிப்புகளையும் எங்கிருந்தெல்லாமோ வரவழைத்துத் தந்த நூலகருக்கும், ஹைன்ட்ஸ் படித்த பல்கலைக்கழகத்தின் பிரெட்ரிக்டன் வளாகத்தைப் படம் எடுத்து அனுப்பிய நண்பனுக்கும் என் அன்பு.

இனி என் தங்கச்சி. பேச்சில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் இடம் அவள் செய்தது. 1990 வாக்கில் தேர்தல் சீர்திருத்தம் கேட்டு எழுந்த கார்ட் இயக்கத்தின் வழியாக ஹைன்ட்ஸ் வெளியே தெரிய வந்ததும், செடி ஜெகன் தன் கட்சியோடு, கட்சிக்கு வெளியே இருந்தவர்களுக்காக "சிவிக்" என்ற ஒரு வாலைச் சேர்த்து அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதும், 1992 ஒக்டோபர் 5 தேர்தலில் அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் தேர்தல் பார்வையாளர்கள் முன்னால் 28 வருட ஆட்சி மாறியதும் நேரான கதை, சொல்லிவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகு. 1997 மார்ச் 6 அன்று ஜெகன் வாஷிங்டன் ஆஸ்பத்திரியில் காலமாக, ஹைன்ட்ஸ் ஜனாதிபதியானார். அந்த டிசம்பர் தேர்தலில் ஜனாதிபதி வேட்பாளராக நின்றது ஜெகனின் மனைவி ஜெனட். ஹைன்ட்ஸ் மறுபடி பிரதமர். 1999 ஓகஸ்டில் ஜெனட் உடல்நலம் காரணமாக விலக முடிவெடுத்தார், கட்சிக்கு 35 வயது பரத் ஜெக்டியோ வேண்டும். ஆனால் சட்டப்படி ஜனாதிபதி விலகினால் பிரதமர்தான் அந்தக் கதிரைக்குப் போவார். அதனால் 9ஆம் திகதி ஹைன்ட்ஸ் விலகி, ஜெக்டியோ பிரதமராகி, 11ஆம் திகதி ஜெனட் விலகி, ஜெக்டியோ ஜனாதிபதியாகி, அன்றைக்கே ஹைன்ட்ஸ் திரும்பவும் பிரதமர். இதை நான் மூன்று பந்தியாக எழுதி வைத்திருந்தேன். தங்கச்சி வாசித்துவிட்டு, "நாலு கதிரையைக் கொண்டு வந்து வைத்து ஆட்களை எழுப்பி இருத்திக் காட்டு" என்றாள். அப்படியே செய்தோம். கதிரைக்கு எழுந்து வந்த நாலு பிள்ளைகளுக்கும் நன்றி.

அவரை வெறும் முகப்புக்கு வைத்திருந்த ஆள் என்று சொல்பவர்கள் உண்டு, அன்றைக்கும் ஒருவர் எழுந்து சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இனம் இனமாகப் பிரிந்து வாக்களிக்கும் நாட்டில், இந்திய வம்சாவளியினரின் கட்சி என்று பெயர்பெற்ற அணியில் ஓர் ஆபிரிக்க வம்சாவளிக்காரராக, இரண்டு பக்கத்திலும் பேச்சு வாங்கிக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறார், கையில் வந்த உச்சிப் பதவியை இரண்டு முறை விட்டும் கொடுத்திருக்கிறார். இதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசியுங்கள். அவர் ஆசைப்பட்ட அமைலா நீர்வீழ்ச்சி மின்திட்டம், 165 மெகாவாட், 2013இல் முதலீட்டாளர் விலகிக் கையை விட்டுப் போனது. அது எனக்கே வலிக்கிறது.

கயானாவின் பெர்பிஸ் பகுதியைச் சேர்ந்த நண்பருக்குக் கடைசியாக. தன் முப்பாட்டி மதராஸிலிருந்து கப்பலேறியவர் என்று சொல்லி, ஹைன்ட்ஸுக்குப் பிறகு 2015 மே 20 அன்று பிரதமரான மோசஸ் நாகமுத்துவின் பெயரைச் சரியாக எப்படி உச்சரிப்பது என்று அவர் என்னிடம் கேட்டார். நான் சொன்னேன், அவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். அதே நாளில்தான் கயானாக் கடலில் எண்ணெய் கிடைத்த செய்தியும் வந்தது என்று தகவல் தந்ததும் அவரே. ஹைன்ட்ஸ் பிறகு, 2021இல், தன் எழுபத்தேழாவது வயதில் வாஷிங்டனுக்குத் தூதராகப் போனார்.

தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இதை நானே நேரில் வாசித்துச் சொல்வேன். ஆன்ட்டி, உங்கள் இரண்டு பாத்திரமும் என்னிடம் இருக்கின்றன, ஞாயிறு பின்னேரம் கொண்டு வருகிறேன், லிண்டன் ஐயாவையும் கூட்டி வருவேன்.